கண்ணுக்குத் தெரியாத கழிவு

நான் ஒரு பொய் சொன்னேன். ஒரே ஒரு வரி. "கழிவே கிடையாது அண்ணாச்சி!"

சொல்லி முடிக்க மூன்று வினாடி ஆகியிருக்குமா? இருக்காது. அதைத் திரும்ப எடுக்க ஏழு வருடம் கழித்தும் முடியவில்லை... வாய் வரை வருகிறது, வெளியே வர மறுக்கிறது.

பொய்யோடு நின்றிருந்தால்கூட என்னை நானே மன்னித்துத் தொலைத்திருப்பேன். நிற்கவில்லை. அந்தப் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்த மனிதரை நாலு பேர் நடுவில் நிறுத்திக் கோமாளியாக்கினேன். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் என் குற்றம்.

நான் யார் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடை. அந்தக் கடை வாசலில் ஒரு மர மேசை. அந்த மேசைக்குப் பின்னால், அக்கினி நட்சத்திர வெயிலில் கழுத்துக்கு டை கட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட பெருச்சாளி மாதிரி ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன்தான் நான். மியூச்சுவல் பண்டு ஏஜெண்ட். பெற்றவர்கள் வைத்த பெயர் சிவசுப்பிரமணியன். அதை ரேஷன் கார்டு மட்டும் ஞாபகம் வைத்திருந்தது. ஊருக்கு நான் 'யூனிட்டு'.

அதற்கு முன்பு, எண்பதுகள் முழுவதும், ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போட்டேன். அங்கே நான் கற்றுக்கொண்ட வித்தை ஒன்றே ஒன்று: சிரிக்க வைத்துவிட்டால் வாடிக்கையாளர் பேரம் பேச மறந்துபோவார். அந்த வித்தையாலேயே வேலையும் போனது. முதலாளியின் மாமியாருக்குச் சேலை காட்டும்போது ஒரு ஜோக் சொல்லிவிட்டேன். என்ன ஜோக் என்று கேட்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு வாக்குமூலம் எழுத வேண்டும்.

வேலை போனது. வாய் போகவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு பெரிய தரகர் என்னைப் போன்ற வாய்களைத்தான் தேடிக்கொண்டிருந்தார். கட்டுக் கட்டாக விண்ணப்பத் தாள்களைக் கொடுத்தார். மேல் மூலையில் குத்த ஒரு ரப்பர் ஸ்டாம்பும் கொடுத்தார். "யாராச்சும் கையெழுத்துப் போட்டா இதக் குத்து. கமிஷன் வரும்" என்றார். என் உத்தியோகம் அவ்வளவுதான்.

மியூச்சுவல் பண்டு என்பது என்ன? ஆயிரக்கணக்கான பேர் போடும் சிறு தொகைகளை ஒரே மூட்டையாகக் கட்டுவார்கள். பம்பாயில் அதற்கென்று படித்தவர்கள் அந்த மூட்டைப் பணத்தில் பல கம்பெனிகளின் பங்குகளை வாங்குவார்கள். மூட்டையின் மொத்த மதிப்பைச் சமமாக வகுத்தால் வருவது ஒரு யூனிட்டின் விலை. பங்குகள் ஏறினால் யூனிட் ஏறும், இறங்கினால் இறங்கும். இதில் மோசடி எதுவும் இல்லை. ஏழை எளியவனுக்கு நல்ல ஏற்பாடுதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

நான் அதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் எப்படிச் சொன்னேன் தெரியுமா? "ஆண்டாள் தேர ஒத்த ஆளா இழுக்க முடியுமாய்யா? ஊரு கூடி வடம் புடிச்சாத்தான நகருது? அதான்யா இது!"

கை தட்டாத குறை! கையெழுத்துப் போட்டார்கள்.

ஆனால் எங்கள் தேருக்கு ஒரு விசேஷம் உண்டு. வடம் பிடிக்கிறவனிடமே நாங்கள் கூலி வாங்குவோம். தேர் நகர்ந்தாலும் வாங்குவோம், நிலையிலேயே நின்றாலும் வாங்குவோம், பின்னால் உருண்டு அவன் காலில் ஏறினாலும் வாங்குவோம்! அதை மட்டும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார்கள் வந்தார்கள், வக்கீல் குமாஸ்தா வந்தார், பஞ்சு மார்க்கெட்டில் காலை முதல் மாலை வரை விலை பேசுவதையே பிழைப்பாகக் கொண்ட வியாபாரிகள் வந்தார்கள். எல்லோரும் "எவ்வளவு வரும்?" என்றுதான் கேட்டார்கள். "எவ்வளவு எடுப்பாய்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வெள்ளைச்சாமி அண்ணாச்சி கேட்டார்.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர். இருபத்திரண்டு வருடம் தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்கு வந்து போனவர். அவருக்கு வேலை கழிவு குடோனில். ஒவ்வொரு ஷிப்டும் எவ்வளவு பஞ்சு உள்ளே போனது, எவ்வளவு நூலாக வந்தது, எவ்வளவு கழிவாக விழுந்தது என்று தராசில் நிறுத்துப் பலகையில் எழுதுகிற வேலை. பஞ்சுத்தூசி நெஞ்சில் படிந்து இருமல் நிலைத்துப்போனது. இனி மில் வாசலையே மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, மில்லில் கணக்கை முடித்துக் கையில் நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் பணத்துக்கு ஒரு காரியம் காத்திருந்தது. அவர் மனைவி பேச்சியம்மாள், இரண்டு பஸ் மாறிச் சத்திரப்பட்டிக்குப் போய், அடுத்தவர் தறியில் பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு இரண்டு பழைய விசைத்தறிகளை வாங்கிப் போட்டுவிட வேண்டும். அந்த அம்மாள் பஸ் ஏறுவது நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"ஒரு ஆளு ரெண்டு தறிய ஓட்டலாம் தம்பி. ஒத்தத் தறின்னா கரண்டு பில்லுக்கும் நூலுக்குமே சரியாப் போகும். ரெண்டு வேணும். கையில உள்ளது பத்தல. அந்தக் கொறச்சலத்தான் ஒன் யூனிட்டு போட்டுக் குடுக்கணும்" என்றார்.

நான் பேனாவைத் திறந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"செத்த பொறு. எம்புட்டு வரும்னு நான் கேக்கல. அதுக்கு நீ அம்பது கதை சொல்லுவ. எம்புட்டுக் கழிவு விழும்?"

"கழிவா?"

"ஆமா. நூறு கிலோ பஞ்சு உள்ள போனா நூறு கிலோ நூலாவா வருது? எங்க மில்லுல பதினஞ்சு கிலோ கழிவு. பதினாலு கிலோவ, இந்தா கெடக்குன்னு குடோன்ல காட்டிருவேன். ஒரு கிலோ கண்ணுக்குத் தெரியாது. காத்தோட போயிரும். அந்த ஒண்ணு ரெண்டாச்சுன்னு வையி... மேனேஜரு மில்லு கேட்ட அடைச்சுச் சோதனை போடச் சொல்லுவாரு. எவனோ எடுக்கான்னு அர்த்தம். அதான் கேக்கேன். நூறு ரூவா உள்ள போனா வேலைக்கு எம்புட்டுப் போகுது, கழிவு எம்புட்டு?"

எனக்குப் பதில் தெரியும்! சத்தியமாகத் தெரியும்! விண்ணப்பத்தின் பின்பக்கத்தில், ஈயின் கால் அளவு எழுத்தில் அச்சடித்திருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் மேலே தெரியாதபடி மடித்து வைத்திருந்தேன்.

நூற்றுக்கு ஆறு. போட்ட அன்றே ஆறு. விளம்பரம், அச்சுக்கூலி, நட்சத்திர ஓட்டலில் தரகர்களுக்கு விருந்து, மதுரைக்காரர் கமிஷன், என் கமிஷன்... எல்லாம் அந்த ஆறில் அடக்கம். மீதித் தொண்ணூற்று நாலுதான் வேலைக்குப் போகும். பிறகு வருடந்தோறும் நிர்வாகச் செலவு என்று நூற்றுக்கு இரண்டு, இரண்டரை. இதற்கு யாரும் ரசீது தர மாட்டார்கள். கழித்துக்கொண்டுதான் யூனிட்டின் விலையையே சொல்வார்கள். சட்டைப் பையில் கை விட்டு எடுத்தால் உங்களுக்குத் தெரியும். பைக்கு வருமுன்பே எடுத்தால்?

இவ்வளவும் சட்டம் அனுமதித்ததுதான். பிறகு நான் ஏன் மறைத்தேன்? "ஆறு, அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? அவர் யோசித்திருப்பார். மில்லில் பதினைந்து போவதைப் பார்த்தவர், ஆறுதானே என்று சம்மதித்தேகூட இருப்பார். யோசிக்க விடக்கூடாது என்று எது என்னைத் துரத்தியது?

ஜெராக்ஸ் கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சபை கூடிவிட்டால் எனக்கு நாக்கில் சலங்கை கட்டியது போல் ஆகிவிடும்.

"அண்ணாச்சி! பஞ்சுல தூசி இருக்கும். ரூவா நோட்டுல தூசி இருக்குமா? கவர்மெண்டு தொவைச்சு இஸ்திரி போட்டுல்ல அனுப்புது! கழிவே கிடையாது அண்ணாச்சி!"

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கோடு தாண்டி ஓடியது. நான் ஸ்டாம்பைக் குத்தினேன். மை காயுமுன்னே அவருடைய நாற்பதாயிரத்தில் இரண்டாயிரத்து நானூறைக் காணோம்.

அடுத்த வாரம் அவர் கையில் ஓர் உறையைக் கொடுத்தேன். உள்ளே நானூறு ரூபாய். அந்தக் காலத்து ஏஜெண்டுகள் எல்லோரும் செய்ததுதான். வந்த கமிஷனில் ஒரு துண்டை வாடிக்கையாளருக்கே திருப்பிக் கொடுப்போம். 'காபிக் காசு' என்று அதற்குப் பெயர். அடுத்த முறை வேறு ஏஜெண்டிடம் போய்விடக் கூடாதல்லவா?

"எதுக்கு தம்பி?"

"கம்பெனி குடுக்குது அண்ணாச்சி. ஒங்கள மாதிரி பெரிய மனுசங்களுக்கு மட்டும்!"

அவர் பணத்திலிருந்து எடுத்ததில் ஆறில் ஒரு பங்கை அவரிடமே கொடுத்தேன். அவர் நெகிழ்ந்துபோனார். மறுநாள் பஸ் ஏறி வந்து அரைக் கிலோ பால்கோவா கொடுத்துவிட்டுப் போனார்! நான் தின்றேன். விரலைக்கூட நக்கினேன். என் மனைவி, "எம்புட்டு நல்ல மனுசன்!" என்றாள். "எல்லாம் நம்ம கைராசி" என்றேன்.

த்தூ!

இது முதல் முறை. இனிதான் அசல் அயோக்கியத்தனம்.

பத்து ரூபாய்க்கு வாங்கிய அவருடைய யூனிட் இரண்டு வருடத்தில் பதிமூன்று ரூபாய் ஆனது. நல்ல ஏற்றம். பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் பேசாமல் இருந்தால் எனக்குக் கமிஷன் ஏது? அந்தச் சமயம் மதுரையிலிருந்து புதிய திட்டத்தின் விண்ணப்பங்கள் வந்து இறங்கின. புதுத் திட்டம் என்றால் யூனிட் பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாய் என்கிற சொல்லில் எங்கள் ஊர் சொக்கிக் கிடந்தது.

"அண்ணாச்சி, பதிமூணு ரூவாச் சரக்க வித்துட்டு, அதே சரக்கப் பத்து ரூவாய்க்கு வாங்குனா... கூடுமா கொறையுமா?"

"கூடத்தான் செய்யும்."

"பொறவென்ன? போடுங்க கையெழுத்த!"

இது எவ்வளவு பெரிய புளுகு என்று பத்து வருடம் துணி கிழித்த எனக்குத் தெரியாதா? ஒரு பீஸ் துணியை முழம் முழமாக வெட்டினாலும் அரை அரை முழமாக வெட்டினாலும் துணி அதே துணிதான். துண்டு கூடும், துணி கூடுமா? பதிமூன்று ரூபாய் யூனிட் விலை அதிகமும் இல்லை. பத்து ரூபாய் யூனிட் மலிவும் இல்லை. உள்ளே இருப்பது அதே கம்பெனிப் பங்குகள். புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று: மறுபடியும் ஒரு ஆறு. பழையதை விற்று வெளியே வர ஒரு வெட்டு, புதியதில் நுழைய இன்னொரு வெட்டு.

அவருடைய மொழியிலேயே சொல்கிறேன். நூற்று முடித்த நூலைப் பிரித்துப் பஞ்சாக்கி, மறுபடி முதலிலிருந்து இயந்திரத்தில் போட்டேன். மறுபடி கழிவு. ஒன்றரை வருடம் கழித்து மூன்றாவது திட்டம். மறுபடி பஞ்சு, மறுபடி கழிவு! எந்த மில் முதலாளியாவது இப்படிச் செய்வானா? பைத்தியம் என்று கட்டிப்போட்டிருப்பார்கள். என்னை என்ன செய்தார்கள் தெரியுமா? சிறந்த ஏஜெண்ட் என்று ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்து, கொடைக்கானலுக்கு இரண்டு நாள் அனுப்பினார்கள். ஏரியில் டை கட்டிக்கொண்டு படகு மிதித்தேன். குரங்குகூட என்னைத் திரும்பிப் பார்த்தது. தன் இனத்தில் யாரோ உத்தியோகத்துக்குப் போய்விட்டதாக நினைத்திருக்கும்.

யூனிட்டின் எண்ணிக்கை கூடக் கூட அண்ணாச்சி மகிழ்ந்தார். கொஞ்ச நாள்தான். அவர் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார்... வேறு எவரும் செய்யாத காரியம். கம்பெனி தபாலில் அனுப்பும் அறிக்கைகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். மற்றவர்கள் அதில் பலகாரம் மடித்தார்கள். இவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எண் தெரியும். இருபத்திரண்டு வருடம் எண்ணைத் தவிர வேறெதையும் வாசிக்காதவர்!

மடவார் வளாகத்தில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. ஒரு நாள் அங்கே, நிரப்பிய விண்ணப்பங்களை வாங்க வந்து நின்றேன். கடையில் எட்டு ஒன்பது பேர். எல்லோரும் என் வாடிக்கையாளர்கள். அண்ணாச்சி மூன்று தாள்களை விரித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, பத்து ரூவா குடுத்து வாங்குனோம். வாங்குன ஒடனே போட்ட கணக்குல ஒம்பது நாப்பதுன்னு இருக்கு. அறுவது பைசா எங்க?"

"மார்க்கெட்டு எறங்கிருச்சு அண்ணாச்சி."

"இந்தா, ரெண்டாவது. இதுலயும் ஒம்பது நாப்பது. மூணாவது. இதுலயும் ஒம்பது நாப்பது. மூணு தடவையும் அதே அறுவது பைசாதானா? மார்க்கெட்டு என்ன, அளவெடுத்தா எறங்குது?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டரின் கை அப்படியே நின்றது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

அவர் குரலை உயர்த்தவில்லை. "கழிவே கிடையாதுன்னு சொன்ன. நான் மில்லுல ஒரு கிலோ கொறைஞ்சா எங்க போச்சுன்னு சொல்லிருவேன் தம்பி. அந்தக் கண்ணுக்குத் தெரியாத கழிவு இருக்குல்ல... அது எங்க போச்சுன்னும் எனக்குத் தெரியும்." நெஞ்சில் தட்டிக் காட்டினார். "இங்கனதான் கெடக்கு. ஒன் அறுவது பைசா எங்கன கெடக்கு?"

அந்தக் கணத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. நான் எதைத் தேர்ந்தேன் என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"ஏ அப்பா! கழிவு குடோன்ல இருந்து நேரா ஆடிட்டராப் பிரமோஷன் வாங்கிட்டாருய்யா அண்ணாச்சி! எல்லாரும் வீட்டுக் கணக்கத் தூக்கிட்டு வாங்க! ஆடிட்டர் பீஸு ஒரு டீ, ஒரு வடை. இடையில இருமுனா அதுக்குத் தனி ரேட்டு!"

வெடித்துச் சிரித்தார்கள்! அவர்களுக்கும் அதே அறுபது பைசா போயிருந்தது. ஒவ்வொருவனுக்கும் போயிருந்தது. தன் பணத்துக்காகக் கேட்ட மனிதனைப் பார்த்துத் தன் பணத்தையும் இழந்தவன் சிரிக்கிறான்... இதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். நடத்தியவனே நான்தானே!

எனக்கு அவர்கள்மீதும் கோபம் வருகிறது. ஏன் சிரித்தீர்கள்? ஒருவன், ஒரே ஒருவன், "இருலே, அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்று சொல்லியிருக்கக் கூடாதா? உங்கள்மீதும் வருகிறது. ஆம், உங்கள்மீதுதான்! இஸ்திரி போட்ட நோட்டு என்று நான் சொன்ன இடத்தில் நீங்களும் கொஞ்சம் சிரித்தீர்கள் அல்லவா?

அண்ணாச்சி தாள்களை மடித்தார். மடிப்புக்கு மேல் மடிப்பாக, நிதானமாக. டீக்குக் காசு வைத்தார். நடந்தார். மாஸ்டர் பின்னாலிருந்து கூப்பிட்டார்: "ஆடிட்டரே! மிச்சச் சில்லறைய வாங்கிட்டுப் போங்க!"

மறுபடியும் சிரிப்பு. அந்தப் பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு சந்தை உண்மையிலேயே இறங்கியது. எனக்கு எவ்வளவு வசதி பாருங்கள்! எதைக் கேட்டாலும் "மார்க்கெட்டு" என்று கையை விரிக்கலாம். ஆறு வருட முடிவில் அவர் கைக்குத் திரும்பி வந்தது முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். போட்டதைவிடக் குறைவு. அதற்குள் தறி விலை ஏறியிருந்தது. கொட்டகை போட்டு, ஒரு தறி வாங்கி, மருந்துச் சீட்டுக்கும் போக, மிச்சம் இல்லை.

நான் "மார்க்கெட்டு" என்றே சொல்லித் திரிந்தேன். போன மாதம் வரை.

போன மாதம் மேசையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, என்ன சனியன் பிடித்ததோ, கணக்குப் போட்டுப் பார்த்தேன். சந்தை இறங்கியது இறங்கியதுதான், அதைச் சேர்த்துக்கொண்டேன். அவரை அங்கும் இங்கும் மாற்றாமல் முதல் திட்டத்திலேயே விட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? நாற்பத்தேழாயிரத்துக்கு மேல். எட்டாயிரம் வித்தியாசம். அந்த எட்டாயிரத்தைச் சந்தை தின்னவில்லை. மாற்றிக் கட்டச் சொன்ன என் வாய் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை மடவார் வளாகத்துக்குப் போனேன். கொட்டகை எது என்று தெரியவில்லை. குழாயடியில் ஓர் அம்மாளிடம், "வெள்ளைச்சாமி வீடு?" என்று கேட்டேன்.

"வெள்ளைச்சாமியா? அப்படி யாரும் இல்லையே..." யோசித்தவர் முகம் மலர்ந்தது. "ஓ, ஆடிட்டர் வீடா? டீக்கடைக்கு அடுத்த முடுக்கு!"

கொட்டகைக்குள் ஒற்றைத் தறி அடித்துக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் நின்று ஓட்டிக்கொண்டிருந்தார். ஒற்றைத் தறி கட்டுப்படியாகாமல் மற்ற நாட்களில் இப்போதும் இரண்டு பஸ் மாறிச் சத்திரப்பட்டிக்குத்தான் போகிறார். ஞாயிறு மட்டும் சொந்தத் தறி. பக்கத்தில் இரண்டாவது தறிக்கென்று சிமெண்டுத் தளம் போட்டு, நாலு போல்ட்டை நட்டு வைத்திருந்தார்கள். தறி இல்லை. போல்ட்டுகள் துருவேறி நின்றன. நடுவில் ஒரு தண்ணீர்க் குடம்.

"வாங்க கொழுந்தனாரே! என்ன, டையக் காணோம்?" என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார் பேச்சியம்மாள்.

அண்ணாச்சி சாக்கில் உட்கார்ந்து நூல் கண்டு பிரித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து அவர் காதருகே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு. மூன்று முறை. எட்டாயிரம்.

அவர் கை நின்றது. நூல் கண்டைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் கேட்டது சரிதான?"

"சரிதான் அண்ணாச்சி."

"ஏட்டி பேச்சி, தறிய நிப்பாட்டு." தறி நின்றது. "திருப்பிச் சொல்லு தம்பி. அவளுக்குக் கேக்கட்டும்."

சொன்னேன். பேச்சியம்மாள் அந்த நாலு போல்ட்டுகளைப் பார்த்தார். பிறகு புருசனைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"சண்டை வந்தா நானும் இவியள ஆடிட்டரேன்னுதான் கூப்பிட்டிருக்கேன்" என்றார்.

ஓர் உறையில் இரண்டாயிரம் ரூபாய் கொண்டு போயிருந்தேன். பாக்கியை மாதா மாதம் தருவதாகச் சொல்லி நீட்டினேன். அண்ணாச்சி அதை வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"துட்டு வேணும். நல்லாவே வேணும். ஆனா அது பொறவு. மொதல்ல அந்த டீக்கடைக்குப் போ. அங்கன வச்சுத்தான அந்தப் பேரக் குடுத்த? அங்கன வச்சே எடுத்துரு. ஆறு வீதம் போச்சு, வெள்ளைச்சாமி கேட்டது சரின்னு ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான். நாங்க இங்கன இருந்தே கேட்டுக்கிடுதோம்."

"போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்றேன்.

அந்த முடுக்குச் சந்திலிருந்து கடைக்கு முப்பது எட்டு வைத்தால் போதும். அந்த வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஆறு வீதம் போச்சு... வெள்ளைச்சாமி கேட்டது சரி... ஆறு வீதம் போச்சு...

"ஏலே, யூனிட்டு வந்துட்டாம்லே! என்னலே புதுசு? எடுத்து விடு!"

அதே பெஞ்சு. அதே முகங்கள். எல்லாம் சிரிக்கத் தயாராக, வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு...

நான் வாயைத் திறந்தேன்.

ஜோக் வந்தது.

என்ன ஜோக் என்றுகூட இப்போது நினைவில்லை. நல்ல ஜோக்காகத்தான் இருந்திருக்க வேண்டும். மாஸ்டர் பாய்லரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். ஒருவர் டீயைத் துப்பினார். சிரிப்பு அடங்குவதற்குள் மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு முப்பது எட்டு என்ன தூரமா?

சிரிப்பு ஓய்ந்த பிறகு கொஞ்ச நேரம் முடுக்கின் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. காத்திருந்திருக்கிறார்கள். இன்னும் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார்கள்!

பிறகு அந்த ஒற்றைத் தறி மறுபடி அடிக்கத் தொடங்கியது.

ராஜபாளையம் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். உறை இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

கழிவு உண்டு. நூற்றுக்கு ஆறு, மூன்று முறை. வெள்ளைச்சாமி கேட்டது சரி. இதோ, உங்களிடம் தடங்கல் இல்லாமல் சொல்லிவிட்டேன் பார்த்தீர்களா... நீங்கள் அந்தக் கடையில் டீ குடிக்கிறவர் இல்லையே!